அண்டக் கொடுக்கும் ராகவேந்திரன்

அண்டக் கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஓட்டலில் மேஜை ஆடினால் நீங்களும் நானும் சர்வரைக் கூப்பிடுவோம். இவரோ பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து மேஜைக் காலுக்கடியில் செருகிவிட்டு, ஊருக்கே அணை கட்டிக் கொடுத்தவர் போலக் கையைத் தட்டிக்கொள்வார்.

லேக் கார்டன்ஸ் ராகவேந்திரனுக்கு இது தாய்மாமன் வழி வந்தது. அந்த மாமா, கல்யாணத்தில் சம்பந்தியின் நாற்காலிக்கு முறுக்கை அண்டக் கொடுத்தவர். இவர் வீட்டிலும் பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாம் அட்டை மேல்தான் நிற்கின்றன.

"ஏன்னா, தரையைச் சரி பண்ணப்படாதா?" என்பாள் மனைவி அலமு.

"ஆடறதா? இல்லையே! அப்புறம் என்ன?"

இப்பேர்ப்பட்ட இன்ஜினீயரை நம்பி ஹூக்ளி ஆற்றங்கரையில் கப்பல் வந்து ஒட்டி நிற்கும் சுவர் ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். துர்க்கா பூஜைக்கு முன் திறப்பு விழா நடந்துவிட்டால் பதவி நீட்டிப்பு. இல்லாவிட்டால் வீட்டோடு கத்திரிக்காய் நறுக்க வேண்டியதுதான்.

தண்ணீருக்குள் முங்கிப் பார்த்த முக்குளிப்பாளி மாரியப்பன் மேலே வந்தான். "சார், அடியில கல்லு பரப்பினது சமமா இல்ல. நடுவுல திட்டு. அதுமேல வெச்ச சுவரோட கான்கிரீட் பாளம் சீசா மாதிரி ஆடுது. தூக்கிட்டு மறுபடி நிரவணும்."

"நிரவி முடிக்கிற வரைக்கும் துர்க்கையை வர வேண்டாம்னு சொல்லட்டுமா? மூலையில ஒரு கல்லை அண்டக் கொடுய்யா!"

கொடுத்தார்கள். ஆட்டம் நின்றது. பாளம் முழுக்கப் பரவ வேண்டிய கனம் அந்த ஒற்றைத் திட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பது கரையில் நிற்பவர் யார் கண்ணில் படும்? ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சந்தேஷ் தின்றார்கள், அப்புறம் சுவர் மேல் கிரேனை ஏற்றினார்கள். செருகின கல் நொறுங்கி, இரண்டு நுனியும் கீழே அமுங்க, சுவரின் நடுமுதுகு பிளந்தது.

அலிப்பூர் ஆபீசில் விசாரணை. நீட்டிப்பு போனது போனதுதான் என்று அலமு கத்திரிக்காயே வாங்கி வைத்துவிட்டாள்.

"விரிசலுக்கு யார் காரணம், மொஷாய்?" என்று வங்காளி வழக்கில் மரியாதையாகக் கேட்டபடி பெரிய அதிகாரி சாட்டர்ஜி மேஜையில் முழங்கையை ஊன்றினார். மேஜை ஆடியது. டீ தளும்பியது. ராகவேந்திரனுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, கையிலிருந்த குற்றப்பத்திரிகையை நாலாக மடித்தார், குனிந்தார், செருகினார்.

சாட்டர்ஜி மேஜையை அசைத்துப் பார்த்தார். ஊகூம். டீயை ரசித்து ஒரு வாய் குடித்தார்.

"பலே, மொஷாய்! எத்தனை இன்ஜினீயர் இங்கே வந்து போனாங்க, ஒருத்தருக்கும் தோணலையே! அந்தச் சுவருக்கும் இப்படி ஏதாவது..."

"செருகிடலாம் சார்."

நீட்டிப்பு கிடைத்துவிட்டது. கப்பல்கள்தாம் சுவரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் மேஜைக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பாருங்கள். படித்து முடித்ததும் இந்தத் தாளை எத்தனையாக மடிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?