துபாய் நேரத்தில் ஒரு காதுகுத்து

"பம்பாயில பத்துக்கு ஏறி, துபாயில பதினொன்றரைக்கு இறங்குனேன்னான் உன் தம்பி. ஒன்றரை மணி நேரம்! இப்ப துபாயில பத்துக்கு ஏறுனா, பம்பாய் வர ரெண்டரை ஆகுமாம். நாலரை மணி நேரம்! போறதுக்கு பிளேன், நம்ம வீட்டுக்கு வாரதுன்னா மாட்டு வண்டியா?"

சௌந்தரபாண்டியன் கோபப்பட்டால் ராஜபாளையத்தில் நாலு தெருவுக்கு ரேடியோ தேவையில்லை.

"என் தம்பி மடியில வச்சுத்தான நம்ம பிள்ளைக்குக் காது குத்தணும்? வரட்டும், சத்தம் போடாதிய" என்றாள் மனைவி செல்லத்தாய்.

அதுதான் சிக்கலே. இருக்கிற ஒரே தாய்மாமன் காசிராஜன். துபாய் போய் எட்டு மாதம். அவனுக்காகக் காதுகுத்து ரெண்டு தடவை தள்ளிப்போய், பிள்ளைக்கு மூணு வயசும் ஆகிவிட்டது. இனியும் தள்ளினால் சொந்தபந்தம் காறித் துப்பும். பக்கத்து வீட்டு ஜெயபாய் இப்போதே தினம் ரெண்டு தடவை விசாரிக்கிறாள். விசாரிக்கத்தானே செய்வார்கள்!

சாயங்காலம் முக்குக் கடைக்கு போன் வந்தது.

"வெள்ளிக்கிழமை நேரா கோயிலுக்கே வந்துருதேன் அத்தான். பிளேன் லேட்டானா செத்த பொறுங்க."

அடுத்த தெருவில் நின்று பேசுகிற மாதிரி அம்புட்டுத் தெளிவு.

"பேச்சு மட்டும் நொடியில வருது, ஆளு வரத்தான் நொண்டுது!" என்று போனை வைத்தார்.

பூகோள வாத்தியார் முத்துராமலிங்கம் சமாதானம் சொல்ல வந்தார். "போனாலும் வந்தாலும் மூணு மணி நேரம்தான்யா. துபாய்க் கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால ஓடும்."

"நமக்கு விடிஞ்ச பொறவும் அவிய ஒன்றரை மணி நேரம் தூங்குவாகளோ? என்ன அநியாயம்!"

இனி மச்சினன் ஏமாற்ற முடியாதபடி, தன் கைக்கடிகாரத்தை துபாய் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. அய்யனார் கோவில். உள்ளூர் ஆசாரிகள் எல்லாரோடும் சௌந்தரபாண்டியனுக்குச் சண்டை என்பதால், காது குத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தவசிமுத்து ஆசாரி முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளை அழுதது.

"ஆரம்பிக்கலாமா? நேரம் போகுதே" என்றார் ஆசாரி.

"மணி ஒன்பதுகூட ஆகல. பொறும்!"

"பத்தரை ஆகப்போகுதுய்யா! ராகு காலம் வருது!"

சௌந்தரபாண்டியன் கடிகாரத்தைப் பார்த்தார். செல்லத்தாயும் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, துபாய் மணியைப் பார்த்தா எம்பிள்ளைக்குக் காது குத்துவாக!"

அந்த நேரத்தில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, அத்தர் வாசனை, பெரிய பெட்டி. காசிராஜன்! ஓடிவந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான்.

"மூணு மணி நேரப் பிளேனுக்கு எம்புட்டு நேரம்லே?" என்று கத்தினார் சௌந்தரபாண்டியன்.

"கடல் தாண்டி வரணும்லா அத்தான்..."

ஊசியோடு குனிந்த ஆசாரி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே காசி, ஒனக்காகவா இம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம்? எட்டு மாசமா எங்க எதிர்வீட்டுல குடியிருந்துக்கிட்டு, காலையில என்கூடவே வில்லிபுத்தூர்ல பஸ் ஏறியிருக்கலாம்லலே!"