டிஷ் அண்ணன் வீட்டு த்ரீடி மீன்

வானத்தில் எந்த சாட்டிலைட் எங்கே நிற்கிறது என்பது ராகலைப் பக்கத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள், மற்றவர் எங்கள் டிஷ் அண்ணன். கடவுளுக்குச் சந்தேகம் வந்தால் அண்ணனைத்தான் கேட்பார் என்று தோட்டத்து லய வீடுகளில் பேச்சு. கூரைத் தகரத்தில் நின்று டிஷ்ஷைத் தட்டிக்கொடுத்து, "வந்திருச்சா?" என்று அவர் கத்தினால், லயமே "வந்திருச்சுங்க!" என்று திருப்பிக் கத்தும்.

அவருக்கு ஒரு கண்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது தெறித்த குச்சி இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அதோடு கிட்டம் எது, தூரம் எது என்ற கணக்கும் போயிற்று. தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். கேட்டால், "கோப்பைய யாரோ நகட்டிட்டாங்க" என்பார். கை குலுக்கப்போய் ஆளின் வயிற்றைக் குலுக்குவார்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பழைய சாமான்களைக் கழித்தபோது, டிஷ் பூட்டிய வேலைக்குக் கூலியாக த்ரீடி டீவி ஒன்றைக் கேட்டு வாங்கினார். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கட் எடுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்.

"தம்பி, இதுல கிட்ட இருக்கிறது தனியா, தூரத்துல இருக்கிறது தனியா தெரியுமாம்டா. இதுல பழகிட்டேன்னா, பொறகு வெளியிலயும் தெரிஞ்சிரும்."

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த எனக்குப் புது மெஷின் எதைக் கண்டாலும் கை பரபரக்கும். அன்றே ஒரு மீன் படத்தை டவுன்லோட் செய்து பென்டிரைவில் கொண்டுபோனேன்.

டீவியோடு வந்த த்ரீடி கண்ணாடிகள் இரண்டு. ஒன்றை அண்ணன் மாட்டிக்கொண்டார், மற்றது கைமாறிக்கொண்டிருந்தது. திரையிலிருந்து ஒரு மீன் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. கண்ணாடி மாட்டியிருந்த எதிர் லயத்து மாமா "அய்யய்யோ!" என்று பெஞ்சோடு மல்லாந்தார். கண்ணாடி அண்ணியின் கைக்குப் போனது. அண்ணி முந்தானையால் முகத்தை மூடினார். அண்ணன் மட்டும் அசையவில்லை.

"வந்திருச்சா?" என்றார்.

"வந்திருச்சுங்க" என்றார் அண்ணி, மெதுவாக.

அண்ணன் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். அண்ணியின் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். டீவியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல கண்ணாடிய ஹோட்டல்காரன் வச்சிக்கிட்டான்."

"அப்ப என்னைய மட்டும் எப்புடிங்க கடிக்க வந்திச்சு?" என்றார் தரையிலிருந்து மாமா.

நான் போனில் தேடிப் படித்தேன். "அண்ணே... ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் வருதாம். மூளை அது ரெண்டையும் சேத்துத்தான்..."

"அப்ப ஒத்தக் கண்ணுக்காரனுக்கு ஒன்னுமில்லங்கிற."

கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

அண்ணி தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் கையைப் பிடித்தார்.

"இந்தாங்க, நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இங்கதான் அதோட மூஞ்சி. வாலு அங்க, டீவிக்குள்ள."

அண்ணனின் விரல்கள் காற்றைத் தடவின. "இம்புட்டுக் கிட்டயா வருது?"

"இன்னும் வருதுங்க. ஒங்க மூக்குக்கு நேரா."

அண்ணன் மெல்லத் தலையைச் சாய்த்து மீனுக்கு வழிவிட்டார்.

திரும்பத் திரும்ப அதே படத்தைப் போடச் சொன்னார். அண்ணி கையைப் பிடித்து இடம் காட்ட, ஒவ்வொரு தடவையும் விலகினார். கடைசித் தடவை மீன் வந்தபோது கண்ணாடி என் கையில்தான் இருந்தது. நானும் அவரோடு சேர்ந்து விலகிக்கொண்டேன்.