பெருங்காய டப்பாவும் பெரிய மனசும்

காபி நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமையை வெள்ளியங்கிரி இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டார். டல்லாஸ் பக்கத்துப் பிளானோவுக்குக் குடிவந்த பிறகு அவருக்கு ஒருமுறை வேலை போயிருக்கிறது. ஆலங்கட்டி மழையில் வீட்டுக் கூரை போயிருக்கிறது. தலைமுடி போனது தனிக்கதை. ஆனால் காபி மட்டும் போனதில்லை.

"இன்னைலருந்து வீட்டுல பால் கிடையாதுங்க," என்றாள் கலாவதி.

"பால்னா... காபிக்குக் கூடவா?"

"காபிக்கு மட்டும் என்ன வேற பசுவா?"

"கலா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. பருப்பு நிறுத்தினே, சும்மா இருந்தேன். தக்காளி நிறுத்தினே, சும்மா இருந்தேன். கத்திரிக்கா..."

"அதையெல்லாம் நிறுத்தியும் வயிறு சரியாகலையே. ராத்திரி யாரு அம்மா அய்யோன்னு உருண்டது? நானா?"

உருண்டது அவர்தான். எதனால் உருண்டார் என்பதும் அவருக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை.

நடந்தது இதுதான். வெள்ளியங்கிரிக்கு வெகுநாளாக வயிறு சரியில்லை. எதைத் தின்றாலும் உப்புசம். ஆபீஸ் மீட்டிங்கில் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது அவர் வயிறு மட்டும் கருத்துச் சொல்லும். டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, உனக்கு குளூட்டன் ஆகாது, கோதுமை, மைதா, ரவை எதையும் தொடாதே என்றுவிட்டார். அப்படியும் சரியாகாவிட்டால் வேறு எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். சந்தேகப்படுவதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார். வயிறு சரியானதும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடாதே.

வேறு வீடாக இருந்தால் இதைப் பாதி கேட்டுப் பாதி விட்டிருப்பார்கள். கலாவதிக்கு ஊருக்குள்ளேயே ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். டாக்டர் சொன்ன முறை அவளுக்கு அப்படியே பிடித்துப் போயிற்று. "ஒரு நேரத்துல ஒன்னை மட்டும் மாத்தணும். அப்பத்தான் பக் எங்கே, தப்பு எங்கேன்னு ஐசொலேட் பண்ண முடியும்," என்று காரிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

கோதுமையை விடுவது வெள்ளியங்கிரிக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. சப்பாத்தி அவருக்கு எப்போதுமே பிடிக்காது, ரவை உப்புமா போனதில் உள்ளூரச் சந்தோஷம்தான். விட முடியாதது ஒன்றே ஒன்று, புரோட்டா. இந்தியக் கடைக்கு அடுத்தாற்போல் வசந்தாமணி என்கிற பொள்ளாச்சிக்கார அம்மாள் சின்னதாக மெஸ் வைத்திருந்தார். சனிக்கிழமை மட்டும் அங்கே புரோட்டா உண்டு. காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, மூலை மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிய்த்துப் போட்ட புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டு, வாயில் சோம்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, வெண்டைக்காய்ப் பையோடு வீடு திரும்புவார். சாயங்காலம் வயிறு கடமுடா என்று ஆரம்பிக்கும். ராத்திரி உருளுவார்.

விடிந்தால் கலாவதி அடுத்த பொருளை நிறுத்துவாள். முதலில் பருப்பு போனது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் பருப்பு போனால் அரிசிம்பருப்பு சாதம் போயிற்று. நெய் ஊற்றி அதைச் சாப்பிடுகிற சுகமும் போயிற்று. பிறகு தக்காளியோடு ரசம் போனது. கத்திரிக்காய் போனபோது வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆனால் புரோட்டா போய்விடும். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவரை உண்மையில் அறுத்தது வேறு. எல்லாவற்றையும் கலாவதியும் சேர்ந்து விட்டிருந்தாள்.

"நீ உனக்குத் தனியா செஞ்சு சாப்பிடலாமே?"

"உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் மட்டும் கத்திரிக்கா வதக்கிச் சாப்பிடுவனா? எனக்கு எறங்காதுங்க."

சொல்லிவிட்டு வெறும் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து, சுரைக்காயைத் தொட்டுக்கொண்டு தின்றாள். கத்திரிக்காய்க் குழம்பென்றால் பிறந்த வீட்டையே மறந்துவிடுகிறவள். வெள்ளியங்கிரி கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். காபியும் போன பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அந்த முடிவு கொடுத்த தைரியத்தில், கடைசி முறையாக, சனிக்கிழமை போய் ஒரு புரோட்டா கூடுதலாகவே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "கலா, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

கலாவதி திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்து கன்னம் நனைந்திருந்தது. கையில் பெருங்காய டப்பா.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாங்க. நான் கண்டுபிடிச்சுட்டேன். இதைப் படிச்சுப் பாருங்க."

டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் இருந்தது. பெருங்காயம், கோந்து, கோதுமை மாவு.

"பெருங்காயத்துல கோதுமையா?"

"தூள் பண்றப்ப கலக்கறாங்களாம். குழம்பு, ரசம், மோர், எல்லாத்துலயும் நான்தான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன். வாங்கற பாக்கெட் எல்லாத்தையும் எழுத்து எழுத்தாப் படிச்சேன், இதை மட்டும் விட்டுட்டேன். எங்கையாலயே உங்களை இந்தப் பாடு படுத்தியிருக்கேனுங்க!"

வெள்ளியங்கிரிக்கு நாக்கு நுனி வரை வந்த உண்மை அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எதிரே ஒரு கதவு தானாகத் திறந்திருக்கிறது. தட்டக்கூட வேண்டாம். அவரும் மனுசன்தானே. உள்ளே நுழைந்தார்.

"அழாத கலா. தெரிஞ்சா செஞ்சே?" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். "யாருக்குத்தான் தப்பு வராது? நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

"நெஜமாவாங்க?"

"மனசார. இதப் பத்தி இனிமே நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"ஏதோ சொல்லணும்னீங்களே?"

"அதா... உம்மேல எனக்குக் கோபமே இல்லைன்னுதான் சொல்ல வந்தேன்."

கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருங்காயத்தை மட்டும் நிறுத்தி ஒரு வாரம் பார்ப்போம், வயிறு சரியாக இருந்தால் அடுத்த ஞாயிறு முதல் வேலையாகக் காபியைத் திருப்பிச் சேர்ப்போம் என்றாள்.

அந்த வாரம் அவருக்கு நரகமாகப் போனது. வயிறு நன்றாக இருந்தது, மனசுதான் உருண்டது. கலாவதி அவரிடம் இதற்குமுன் இல்லாத பணிவோடு நடந்துகொண்டாள். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க," என்று நாளுக்கு நாலு தடவை சொன்னாள். வேறு மாகாணத்தில், ஐசலினில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவர் மெஸ் பக்கம் தலையைத் திருப்பவில்லை. புரோட்டாக் கல் வாசம் பார்க்கிங் வரை வந்து கூப்பிட்டது. காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிறு காலை. ராத்திரி உருளவில்லை. வீடெல்லாம் டிகாஷன் வாசம். கலாவதி காபியை நுரை பொங்க ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா? வயிறு பாஸ். எல்லாம் என் பெருங்காயத்தால வந்த வினை. என்னை மன்னிச்..."

"கலா, போதும்!" அவருக்குத் தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "பெருங்காயம் இல்ல. புரோட்டா. சனிக்கிழமை சனிக்கிழமை வசந்தாமணியக்கா கடையில தின்னேன். உன்னையும் பட்டினி போட்டேன். அது போதாதுன்னு உன்னைய மன்னிக்க வேற செஞ்சேன். நான்தான் தப்பு."

கலாவதி காபியை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வயிறு பாஸ், சனிக்கிழமை ராத்திரி ஃபெயில். அப்ப பக் சனிக்கிழமையிலதானே இருக்கணும்? வசந்தாமணியக்காகிட்ட கேட்டேன், கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க."

"அப்ப பெருங்காயம்?"

"அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தங்கச்சி அனுப்பினா, மாத்தி ரொம்ப நாளாச்சு. அது பழைய டப்பா."

"அழுதியே?"

"சின்ன வெங்காயம் உரிச்சேன்."

"உப்புச் சோறு தின்னியே கலா!"

"ராத்திரிக்கு மட்டுங்க. மத்தியானம் ஆபீசுக்கு வசந்தாமணியக்கா அரிசிம்பருப்பும் கத்திரிக்காயும் குடுத்து விட்டுடுவாங்க."

வெள்ளியங்கிரி நாற்காலியில் உட்கார்ந்தார். "நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேற கடை தேடிப் போவீங்க. டல்லாஸ்ல கடைக்கா பஞ்சம்? ஒவ்வொன்னா எடுக்கறப்ப உங்க மூஞ்சியையே பார்ப்பேன், இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு. காபியக் கூட விட்டீங்க, வாயத் தொறக்கலை." அவள் குரல் ஒரு நிமிஷம் நிஜமாகவே இறங்கியது. "அழுதாலாவது சொல்லுவீங்கன்னு பார்த்தா, என்னைய மன்னிக்கறீங்க."

அவர் தலை தானாகக் குனிந்தது. இதற்குமேல் குனிய இடமில்லை என்று தெரிந்ததும் மெல்லக் கையை நீட்டினார்.

"சரி, அதான் சொல்லிட்டேனே. அந்தக் காபியைக் குடு."

கலாவதி டம்ளரை எடுத்து, அவர் கண்ணெதிரே ஒரு வாய் உறிஞ்சினாள்.

"ஒரு நேரத்துல ஒன்னைத்தானுங்க சேர்க்கணும். இன்னைக்கு உண்மையச் சேர்த்திருக்கோம், அது ஒத்துக்குதான்னு ஒரு வாரம் பார்ப்போம்."