முப்பது படம் கொள்ளும் காட்

இந்த வெள்ளிக்கிழமை நான் பந்தியில் குந்திச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

சிரிக்காதீர்கள். அன்று என் மகள் பூரணி பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீடு. என் மனைவி இராசமலருக்கு, குச்சவெளியில் மட்டும், சொந்தக்காரர் எண்பத்தாறு பேர். கனடாவிலிருக்கும் அவளுடைய அண்ணன் ஒரு டிஜிட்டல் கமெரா அனுப்பி, கூடவே கட்டளையும் போட்டிருந்தார். "சண்டைக்குப் பயந்து வந்து பதினாறு வருஷம். ஒருத்தரின்ர முகமும் ஞாபகமில்லை. எல்லாரையும் தனித்தனியாய் எடுத்து அனுப்புங்கோ."

தனித்தனியாய்! எடுக்க வேண்டியவன் நான்.

ஆனால் கமெராவுக்குள் மெமரி காட் இல்லை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. காட் சின்னதென்றால் படம் கெதியில் முடியும். படம் முடிந்தால் பந்தி.

துறைமுகத்தடியில் கடை வைத்திருக்கும் பாயிஸ், கண்ணாடிப் பெட்டிமேல் ஒரு காட்டை வைத்தார்.

"இது ஐந்நூறு படம் புடிக்கும், அண்ணே."

"ஆகக் குறைஞ்சது?"

பாயிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசை லாச்சியின் அடியில் தேடி ஒன்றை எடுத்துத் தூசி ஊதினார். "முப்பது. இத வாங்கவும் ஒரு ஆள் வரும் எண்டு நான் நினைக்கவே இல்ல."

இரண்டும் ஒரே நக அளவு. ஒன்றுக்குள் ஐந்நூறு, ஒன்றுக்குள் முப்பது. எப்படி? பாயிஸுக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் நேவிக்காரன் மறித்தான். காட்டை வெயிலில் பிடித்தான். திருப்பினான். காதிலும் வைத்துப் பார்த்தான்.

"இதுக்குள்ள என்ன?"

"ஒண்டுமில்லை, சேர். முப்பது பேருக்கு இடமிருக்கு."

"முப்பது பேர்? எங்க?"

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

வீட்டில் அடுத்த விசாரணை.

"இஞ்சேருங்கோ, இதுக்கை எத்தினை படம் கொள்ளும்?"

"முப்பது."

"பெரிசு இல்லையோ?"

"பெரிசு போட்டால் கமெரா சூடாகி வெடிச்சிடும்."

"அப்பிடியோ?" என்றாள். கமெராவை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பார்க்கத் தொடங்கினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அதிர்ஷ்டமும் என் பக்கம். குச்சவெளி பஸ்ஸைச் சோதனைக்கு மறித்து வைத்திருந்தார்கள். நிலாவெளியிலிருந்து என் ஆட்கள்தான் முதலில் வந்தார்கள். அம்மா, பெரியப்பா, மச்சான்மார். ஆளுக்கொரு படம், ஆசையாய் எடுத்தேன். முப்பதாவது படத்தோடு கமெரா மறுத்துவிட்டது.

"நிரம்பிட்டுது!" என்று அறிவித்துவிட்டுப் பந்தியில் குந்தினேன். சோறு வந்தது. பருப்பு வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குச்சவெளி பஸ்ஸும் வந்தது. மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்ற பட்டுச் சீலைகள், வேட்டிகள். வந்தவர்கள் தண்ணீர் கேட்கவில்லை. "கனடாத் தம்பிக்கு அனுப்பப் படம் எடுக்கிறது எங்க?" என்றுதான் கேட்டார்கள். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

இராசமலர் கமெராவோடு இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எழும்புங்கோ. இன்னும் முப்பது எடுக்கலாம்."

"ஏலாது. அதுதான் நிரம்பிட்டுதே!"

"குப்பைத்தொட்டி மாதிரி ஒரு அடையாளம் கிடந்தது. என்னெண்டு பார்ப்பம் எண்டு அமத்தினன். ஒவ்வொரு ஆளாய்ப் போகினம்."

"ஆர் போகினம்?"

"உங்கட ஆக்கள்தான். அவையளை அண்ணாவுக்கு எப்பிடியும் தெரியாதே."

"அம்மாவுமோ?"

"மாமி கண்ணை மூடிக்கொண்டு நிண்டவ."

"சரி, முப்பது எடுத்து முடிஞ்சால்?"

"பாயிஸின்ர பெஞ்சாதி பரீனாவுக்குச் சொல்லி, ஐந்நூறு படக் காட் ஒண்டு எடுப்பிச்சிட்டன். வெடிக்காதாம். கேட்டனான்."

நான் சாப்பிடாமலே கை கழுவினேன்.