ஞாயிறு நாலு மணிக்கு மோசஸ்

எனக்குப் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது என்று என் மனைவி மேகலா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் அதைக் கேட்டதாக ஞாபகமில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது மேகலா இல்லை, ஒரு செத்துப்போன மனிதனின் செல்போன்.

எங்கள் வீடு மணவாள நகரில். வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வால்வு செய்கிற ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திரும்பி இறங்கும்போது இருட்டியிருக்கும். நாற்பது வயதில் தூக்கம் போய்விட்டது. ஒரு காலத்தில் கதை எழுதுகிற ஆசை இருந்தது, அதுவும் போய்விட்டது. நண்பர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க நேரமில்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து, மனிதனுக்குப் படைப்பு, ஓய்வு, உறவு மூன்றும் வேண்டும், மூன்றையும் சின்னச் சின்னப் பழக்கங்களாக வாழ்க்கையில் கொண்டுவர வேண்டும் என்றார். கூட இருந்தவர்கள் ஓய்வை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தரக்கட்டுப்பாட்டுக்காரன் கையில் வாழ்க்கையைக் கொடுத்தால் என்ன செய்வான்? அட்டவணை போட்டேன். தினமும் காலை அரை மணி நேரம் கதை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் கண்மூடல். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பழைய நண்பனிடம் பதினைந்து நிமிடம் போன். அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். (மேகலா அதைப் படித்துவிட்டு, "பொண்டாட்டிக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டாள். அடுத்த காலாண்டில் சேர்ப்பதாகச் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் திட்டம்.)

முதல் ஞாயிறு இரண்டு பேருக்கு அடித்தேன். ஒருவன் எடுக்கவில்லை. இன்னொருவன் எடுத்தான், ஆனால் அவன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். பதினைந்து நிமிடத்தில் பதினாலு அவனே எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம்தான் மோசஸ் ஞாபகம் வந்தது.

மோசஸ் என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். வள்ளூரில் அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் வீடு. ஆள் ஒல்லி, குரல் மட்டும் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கும். பேசி ஏழெட்டு வருடம் இருக்கும். ரிங் ரொம்ப நேரம் போனது. கட் பண்ணலாம் என்று நினைக்கும்போது யாரோ எடுத்தார்கள். அதே பீப்பாய்க் குரல், "சொல்லுப்பா" என்றது.

சொன்னேன். வேலை, பி.பி., தூக்கமின்மை, மேனேஜர், எழுத நினைக்கும் கதை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் "ம்" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், ரொம்ப தூரத்தில், பெரிய மிஷின் ஒன்று நிற்காமல் ஓடுவது போல ஓர் இரைச்சல். பதினைந்து நிமிடம் முடிந்ததும், "உன்கிட்ட பேசுனா மனசு லேசாவுது மச்சான்" என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேறு யாருக்கும் போன் செய்யவில்லை. மற்றவர்கள் எல்லாம் நடுவில் பேசுகிறார்கள். மோசஸ் கேட்டான். மூன்றாவது வாரம் எழுதின கதையைப் படித்துக் காட்டினேன், சரியான இடங்களில் "ம்" வந்தது. நாலாவது வாரம் காலை அரை மணி நேரம் முக்கால் மணி நேரமானது. படைப்பு, ஓய்வு, உறவு மூன்றும் ஒரே நம்பரில் கிடைத்துவிட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள் அப்போதே இடித்திருக்க வேண்டும். நான் சிரிக்கும்போது அவன் சிரிப்பதில்லை. ஒரு தடவை, "தூங்கிட்டியாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "தூக்கம் எங்க வருது" என்றது குரல். ஏழாவது வாரம் ஒரு பழைய திருட்டுத்தனத்தை நினைவுபடுத்தினேன். மோசஸ் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இரண்டு பேரும் கால்வாய்க்குள் விட்டுவிட்டு, மீஞ்சூர் ஸ்டேஷனில் திருடு போய்விட்டது என்று சொன்ன கதை. "பாவம்டா உங்க அப்பா, மூணு மாசம் வேலைக்கு நடந்தே போனாரு" என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பக்கம் "ம்" கூட இல்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. வைக்கும்போது, எப்போடா நேரில் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"சீக்கிரம் வந்துரு" என்றது.

அதற்கடுத்த சனிக்கிழமை ஆவடி போக ரயில் ஏறினேன். செவ்வாப்பேட்டையில் ஏழுமலை ஏறினான். அவனும் ஐ.டி.ஐ. செட்டுதான். பேச்சுவாக்கில், மோசஸ் மட்டும்தான் இப்பவும் நம்மைப் புரிந்துகொள்கிற ஆள், வாராவாரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஏழுமலை என் முகத்தையே பார்த்தான்.

"இன்னா சொல்ற வரதா? அவன் மஞ்சக்காமாலைல போயி ஒன்றரை வருசம் ஆவுது. குரூப்ல போட்டனே, நீ பாக்கல?"

நான் போன ஞாயிறுகூடப் பேசினேன் என்று சொன்னேன். ஏழுமலை மடியிலிருந்த பையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டான். அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அதுதானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

போனை எடுத்து ஐ.டி.ஐ. குரூப்பைத் திறந்தேன். சத்தம் வராமல் நான் அமுக்கி வைத்திருந்த குரூப் அது. ஒன்றரை வருடம் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனேன். மோசஸின் படம், கீழே சேதி. அதற்குக் கீழே நாற்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். அந்த ஆள் நான்.

ரயில் ஓடிக்கொண்டிருந்தது, வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும் முதுகு சில்லிட்டது. ஏழு வாரம் யாரிடம் பேசினேன்? கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தூக்கம் எங்க வருது. சீக்கிரம் வந்துரு. நான்தான் எப்போது பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். அது பதில் சொல்லியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் யாழினியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். நாலு மணி ஆனது. நான் போனைத் தொடவில்லை. டைனிங் டேபிள் நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நாலு ஐந்து. நாலு பத்து. வெளியே கோலமாவு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். அவன் சத்தம் தெருமுனையில் தேய்ந்து அடங்கியதும் போன் அடித்தது.

திரையில் மோசஸ் என்று இருந்தது. கூடவே அவன் படம், கூலிங் கிளாஸ் போட்டு, ஐ.டி.ஐ. கேட் முன்னால் நின்றுகொண்டு.

போன் டேபிளில் அதிர்ந்து அதிர்ந்து, மெதுவாக என் பக்கமாகவே நகர்ந்து வந்தது. (மேகலா அது மேடு பள்ளமான டேபிள் என்கிறாள். பதினோரு வருடமாக அந்த டேபிளில் சாப்பிடுகிறேன், ஒரு டம்ளர்கூட என் பக்கம் நகர்ந்ததில்லை.) நான் நாற்காலியோடு பின்னால் போனேன், ஃப்ரிட்ஜில் இடித்துக்கொண்டேன். அட்டவணை கிழிந்து தலைமேல் விழுந்தது. மேகலா எடு என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அதே இரைச்சல். அதே மூச்சு. பிறகு அந்தக் குரல், கொஞ்சம் தயங்கி, "இன்னிக்கு இன்னும் பேசலியே. அதான் பண்ணேன்" என்றது.

அப்போது மேகலா, நான் ஏழு வாரமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க யாருங்க பேசுறது?"

"மோசஸோட அப்பாம்மா" என்றது குரல்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் வண்டியில் வள்ளூர் போனோம். மத்தியானம்தான், ஆனால் புகைபோக்கிகளுக்கு மேலே வானம் சாம்பலாக இருந்தது. செடிகளின் இலைகள் மேல், நிறுத்தியிருந்த ஆட்டோ மேல், ஜன்னல் கம்பி மேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. தெருவில் இறங்கினதுமே அந்த இரைச்சல் கேட்டது. ஏழு வாரமாக எது என்று தெரியாமல் போனில் கேட்டது அதுதான், மின்நிலையத்தின் சத்தம். அந்த ஊரில் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மோசஸுக்கு வயதானால் அப்படித்தான் இருந்திருப்பான். உள்ளே சுவரில் மோசஸ், பக்கத்தில் சின்ன சிவப்பு பல்பு. மன்னிப்பு கேட்கலாம் என்று வழியெல்லாம் தயாரித்து வந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. என் வாழ்க்கையில் பேச்சு வராமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவர்தான் பேசினார். பையன் நம்பரை விட்டால் போன் கம்பெனிக்காரன் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவான் என்பதால் உயிரோடு வைத்திருக்கிறாராம். முதல் நாள் என் பெயர் திரையில் வந்ததும், பையன் வாயில் கேட்ட பெயராயிற்றே என்று எடுத்தாராம். அவன் இல்லை என்று சொல்ல வந்தாராம்.

"நீ வுடல நைனா" என்றார். "நிறுத்துவே, சொல்லலாம்னு பாத்துக்கினே இருந்தேன். வச்சிட்டே. அடுத்த வாரமும் வுடல. அப்பறம் எனக்கே சொல்ல மனசு வரல. அவன் கூட ஒருத்தன் இன்னும் பேசிக்கினு இருக்கான்னா, அதை ஏன் நான் நிறுத்தணும்?"

மேகலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "சரி, சைக்கிள எந்த எடத்துல வுட்டீங்க?" என்றார்.

பாலத்துக்கு வடக்கே என்றேன். மூன்று மாதமும் அந்தப் பாலத்து வழியாகத்தான் நடந்து போனதாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கடைசியில் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது போல, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அட்டவணையை நான் திரும்ப ஒட்டவில்லை. கதை இப்போதும் எழுதுகிறேன், வருகிறபோது வருகிறது. மோசஸின் அப்பா மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, மேகலா செய்கிற மீன் குழம்பில் புளி அதிகம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்கிறார்.

மற்றபடி ஒரு கோளாறு தங்கிவிட்டது. யார் போன் செய்தாலும், அவர்கள் யார், எந்த ஊர், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று முழுசாக விசாரிக்காமல் என்னால் மேலே போக முடிவதில்லை. சமீபத்தில் இன்சூரன்ஸ் விற்கிற ஒரு பெண் கூப்பிட்டாள். விசாரித்தேன். ஊத்துக்கோட்டையாம். தம்பிக்கு வேலை அமையவில்லையாம், அம்மாவுக்கு முட்டிவலியாம், ஹாஸ்டல் நாஷ்டா வாயில் வைக்க முடியவில்லையாம். அரை மணி நேரம் கேட்டேன். மனசு லேசானது சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மேகலா இந்தக் கதையைச் சொல்லாத சொந்தக்காரர் வீடு இல்லை. போன வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில், முன்பின் தெரியாத ஒருவர் என் இலைக்கு எதிரே வந்து நின்று, அந்தப் பெண்ணின் தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார்.

கிடைத்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில். அவளே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் விற்க வந்தது என்ன பாலிசி என்பதுதான் இன்னும் தெரியவில்லை.