ஹாட் ட்றைவுக்கு ஒரு சமாதான நீதவான்

வெள்ளவத்தை,
14.06.2008

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மருமகன் திருக்குமரனுக்கு மாமா நாகேந்திரம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் துணையால் நானும் மாமியும் இங்கே சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மகள் மாலினியும் பேரனும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் வீட்டில் சுகமில்லாமல் இருந்தது கம்பியூட்டர் ஒன்றுதான். அதுவும் புதன்கிழமை காலமாகிவிட்டது. மின்னஞ்சலை விட்டு முத்திரை ஒட்டி எழுதுவதன் காரணம் இதுதான்.

போன மாதம் அதற்குள்ளிருந்து ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம் வருகிறது என்று உங்களுக்கு ஃபோனில் சொன்னேன். நீங்கள் நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற பெரிய டொக்டர்மாதிரி, “மாமா, அது சாகப்போகுது. ஒரு எக்ஸ்ரேணல் ஹாட் ட்றைவ் வாங்கி பக்கப் எடுங்கோ. சின்ன வேலை. நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கோ” என்று சொல்லி, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டீர்கள். உங்கள் ஊரில் அது சின்ன வேலைதான். அங்கே சாமான் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அதற்குள் இருந்தது நாற்பத்துமூன்று படங்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டோடு அல்பங்களும் எரிந்துபோக, உலகம் முழுக்கச் சிதறிய சொந்தக்காரர் தங்களிடம் இருந்தவற்றை ஸ்கான் பண்ணி அனுப்பினவை. நாற்பத்திரண்டை அவர்களிடமே திரும்பக் கேட்கலாம். மற்றது வதனியின் படம். மாலினி பிறக்க முதல் மூன்று வயதில் காய்ச்சலில் போன எங்கள் மூத்தவள். அவளுக்கு எஞ்சியிருந்த ஒரேயொரு படத்தைத் திருகோணமலையிலிருந்து என் அக்கா கொண்டுவந்து, ஸ்கான் பண்ணியதும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த வருடம் சுனாமியில் கடல் வந்து அக்காவின் வீட்டையும் படத்தையும் சேர்த்துக்கொண்டு போனது. ஆகவே மருமகன், அந்தச் சத்தம் கேட்ட நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உங்களுக்கு ஃபோனில் சொல்ல வரவில்லை.

சரி, பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனேன். தாஸிம் என்ற நல்ல மனிதர் நின்றார். “செல்லுங்க சேர், எத்தின ஜீபீ வேணும்?” என்றார். எனக்கு ஜீபீ தெரியாது, நாற்பத்துமூன்று படம் என்றேன். “அதுக்கு ஹாட் ட்றைவ் என்னத்துக்கு சேர்? ஒரு சீடி போதுமே” என்றார். கனடாவில் இருக்கிற மருமகன் சொன்னதைப் பம்பலப்பிட்டியில் இருக்கிறவர் மாற்றலாமா? ஹாட் ட்றைவ்தான் வேண்டும் என்று நின்றேன். மூன்று ரகம் எடுத்துப் போட்டார். முதலாவது கறுப்பு, செங்கல் அளவு, தனி வயர், நீல விளக்கு மினுங்கும். “இதுதான் சேர் நல்ல சாமான்” என்றார். நல்லதுதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதியால் நடக்கப்போவது நான். கறுப்புப் பெட்டி, வயர், மினுங்குகிற விளக்கு, ஒரு தமிழன், இந்த நாலையும் ஒரே பையில் போடலாமா? இரண்டாவது சாம்பல் நிறம், ஆனால் ஓடும்போது மணிக்கூடுமாதிரி ‘டிக் டிக்’ என்றது. அதைக் கேட்டவுடனேயே எனக்கு வியர்த்தது. மூன்றாவது வெள்ளை, சவர்க்காரப் பெட்டி அளவு, விளக்கும் கூச்சப்பட்டுத்தான் எரிந்தது. வேகம், உத்தரவாதம், கம்பெனி என்று நீங்கள் ஒரு கிழமை இணையத்தில் படித்து வாங்குவீர்களாம், மாலினி சொன்னாள். எங்களுக்கு அந்தச் சிரமம் எல்லாம் இல்லை. பார்த்தால் குண்டுமாதிரி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஆமிப் பொடியன் பையைத் திறந்து, “மேக்க மொகத்த?” என்று கேட்டான். இது என்ன என்று சிங்களத்தில் விளக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் வேலைசெய்த பெருமை விடுமா? நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில், “பக்கப்” என்றேன். பொடியனின் முகம் மாறிவிட்டது. “பக்கப்? காட்டத பக்கப்?” என்றான். அவர்கள் ஊரில் பக்கப் என்றால் பின்னால் துவக்கோடு வருகிற ஆட்கள், மருமகன்! யாருக்கு வருகிறார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கத்தால் என்று சார்ஜன்ற் வரும்வரைக்கும் விசாரணை. வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்று, ‘பவுலே பின்தூர’, குடும்பப் படம், குடும்பப் படம் என்று பஜனை பாடினேன். கடைசியில் சார்ஜன்ற் பெட்டியைத் திருப்பித் தந்து, இனிமேல் இதைக் கொண்டு திரிவதென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று கடுதாசி வேண்டும் என்றார். நியாயமான மனிதர். கடுதாசி கேட்ட ஒருவரை நான் வாழ்க்கையில் மறுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைக் கொப்பி எடுத்தேன். இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கோ என்று பயப்படுத்தினீர்கள். 2005இல் வந்து நின்றபோது படங்களைத் திறக்கவென்று நீங்களே திரையில் வைத்துவிட்டுப் போன அந்த மஞ்சள் பையை, மூலையில் குட்டி அம்புக்குறி போட்டதை, அப்படியே இழுத்து ஹாட் ட்றைவில் விட்டேன். கண் வெட்டுகிற நேரம், முடிந்தது! அத்தனை படமும் போன பிறகும் அதற்குள் இருந்த இடம் கொஞ்சமும் குறையவில்லை. கனடாவில் கிடைக்கிற சாமான்கள் ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

பிறகு கடுதாசி. ஒரு கொப்பி கொப்பியாவது சமாதான நீதவான் ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தினால்தான் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். நான் கந்தோரில் முத்திரையில்லாத பிறப்புச் சான்றிதழோடு வந்தவர்களைப் பிறக்காதவர்களாகவே நடத்தினவன். பாமன்கடையில் இருக்கிற சமாதான நீதவான் பொன்னம்பலத்தாரிடம் ஹாட் ட்றைவைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, “ஒறிஜினல் எங்கை?” என்றார்.

“வீட்டிலை இருக்கு.”

“ஒறிஜினலைப் பாக்காமல் நான் எப்பிடி ஐசே கையெழுத்து வைக்கிறது?”

சட்டம் சட்டம்தான். கம்பியூட்டரை மாமியின் பழைய சேலையில் சுற்றி, திரையோடு ஓட்டோவில் ஏற்றினேன். மாமி வாசலில் நின்று, “உங்களுக்கென்ன விசரே?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நேரமிருக்கவில்லை. பொன்னம்பலத்தார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பொருத்தி, ஹாட் ட்றைவையும் செருகினேன். மனிதர் ஒரு படத்தை ஒறிஜினலில் திறப்பார், அதையே கொப்பியில் திறப்பார். “இதிலை மனுசி சிரிக்கிறா. அதிலையும் சிரிக்கிறா. சரி.” நாற்பத்துமூன்றையும் இப்படித்தான். கொப்பியில் அம்புக்குறி இருக்கிறதே என்று ஒரு தடவை புருவத்தைச் சுழித்தார், ஒறிஜினலிலும் இருந்தது, திருப்தியானார். வதனியின் படத்தை மட்டும் இரண்டு பக்கத்திலும் இன்னொரு தரம் திறந்து பார்த்தார். பிறகு ஒரு கடுதாசியில் உண்மைப் பிரதி என்று எழுதிக் கையெழுத்து வைத்து, ஊதா முத்திரையும் குத்தித் தந்தார்.

திரும்புகிற வழியில் பாமன்கடைச் சந்திப் பள்ளத்தில் ஓட்டோ விழுந்து எழும்பியது. வீட்டில் கம்பியூட்டரைப் போட்டால், கடக் கடக் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நான் கவலைப்படவே இல்லை, மருமகன். சமாதான நீதவான் கையெழுத்து வைத்த கொப்பி கையில் இருக்கும்போது ஒறிஜினல் எதற்கு? அன்று பின்னேரமே பழைய சாமான் வாங்க வருகிற போத்தல் பேப்பர்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் சொன்ன சின்ன வேலை இனிதே நிறைவேறியது. உங்கள் மூவருக்கும் சகல செல்வங்களும் நீண்ட ஆயுளும் கிடைக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். பேரனைத் தமிழில் கதைக்க விடுங்கள். மாமி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
க. நாகேந்திரம்

பி.கு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலையில் தபாலில் போட முதல், மேல்மாடியில் இருக்கிற கொட்டாஞ்சேனை றோஸி ரீச்சருக்குப் படங்களைக் காட்டிப் பெருமைப்படுவோம் என்று ஹாட் ட்றைவை அவவின் கம்பியூட்டரில் செருகினேன். மஞ்சள் பையும் அம்புக்குறியும் வந்தன. பை திறக்கவில்லை. ரீச்சர் மெதுவாக, “அங்கிள், இது படமில்லை. படம் எங்க இருக்கெண்டு காட்டுற அம்பு மட்டும்தான்” என்றா. அம்பு காட்டிய இடம் எங்கே? போத்தல் பேப்பர்காரனின் வண்டியில். பொன்னம்பலத்தார் அன்று ஒரே படத்தைத்தான் இரண்டு தரம் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் இருந்து அழுதேன். மாலினிக்குச் சொல்ல வேண்டாம். மாமி விசயத்தைக் கேட்டுவிட்டு, அடையாள அட்டையை எடுத்து, அதன் உறைக்குள் பின்பக்கமாக இருந்ததை உருவித் தந்தார். வதனி. அக்கா படத்தோடு வந்து நின்ற அந்தக் கிழமையே, எனக்குச் சொல்லாமல் ஸ்ரூடியோவில் கொடுத்து ஒரு கொப்பி எடுத்தாராம். ஐந்து வருடமாக ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அட்டையோடு அதையும் நீட்டியிருக்கிறார். ஒரு ஆமிக்காரன் மகளா என்று கேட்டானாம், ஓம் என்றாராம்.

ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கம்பியூட்டர் பழுதாகுமெண்டு எனக்குத் தெரியாது. வீடு எரியுமெண்டு தெரியும்” என்றார்.

றோஸி ரீச்சரிடம் கொண்டுபோய் ஸ்கான் பண்ணி உங்களுக்கும் அனுப்புகிறேன், ஐந்து நிமிடம் தா என்று கேட்டேன். தரவில்லை. “இஞ்சையே பாத்திட்டுத் தாங்கோ” என்று சொல்லி, நான் பார்த்து முடிக்கும்வரை கையை நீட்டியபடி பக்கத்தில் நின்றார்.