கம்முனிரு வாயைத் திறந்த நாள்

கோலார் தங்கவயலில் அந்தக் காலத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரைகள் அத்தனை பேரையும் சம்பளப் பேச்சில் தோற்கடித்தவன் ஒரே ஒருவன்தான். அவனுக்கு மட்டும் எந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தங்கவயலின் மாரிகுப்பத்தில் எல்லோருக்கும் அவன் 'கம்முனிரு'. குடியாத்தத்துப் பக்கத்து ஆள், என் வயதுதான். பிரம்மச்சாரிகள் நாங்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த தகரக் கொட்டகையில் அவனும் இருந்தான். வாடகையில் பங்கு தரமாட்டான், பதிலுக்குச் சமைப்பான். அவன் வைக்கும் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் யாரும் வாடகைப் பேச்சை எடுத்ததில்லை.

அந்த நாளில் வேலை கேட்டுப் போகிறவனிடம் துரை, "எவ்வளவு சம்பளம் வேண்டும்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார். வந்தவன் உடனே மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பு முறிகிற அளவுக்கு வளைந்து, "தொரை பார்த்துக் குடுக்கணும்" என்பான். துரையும் நன்றாகப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தன் வீட்டு நாய்க்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பார்.

இது கம்முனிருவுக்கு அடியோடு பிடிக்காது. "கேட்டா கம்முனு இருடா! மொதல்ல தொகை சொன்னவன் செத்தான்" என்பான். கொட்டகையில் ஓயாமல் பேசுகிறவன், துரை முன்னால் நின்றால் கல்லாகிவிடுவான்.

பாலகாட் சுரங்க ஆபீசில் துரை கேட்டாராம். இவன் கூரையைப் பார்த்தானாம். "பன்னிரண்டு?" என்றாராம். இவன் ஒரு புருவத்தைத் தூக்கினானாம். "பதினாலு?" இவன் சிரித்தானாம். துரை பியூனைக் கூப்பிட்டு இவனை வெளியே தள்ளச் சொன்னார். கம்முனிரு ஜெயித்த பயில்வான் மாதிரி திரும்பி வந்தான்.

"பன்னெண்டுல ஆரம்பிச்சான். ஒரு வார்த்த பேசாம ரெண்டு ரூவா ஏத்திட்டேன், பாத்தியா!"

"வேலை இன்னாச்சிபா?"

"அதெ யாரு கேட்டா?"

தான் பெற்ற இன்பத்தை ஊருக்கும் கொடுத்தான். ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருந்த ஒருவன், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜுக்கு மணியடிக்கும் வேலைக்குப் போனான். கம்முனிரு பாடம் சொல்லி அனுப்பினான். துரை சம்பளம் கேட்டார்; அவன் வாய் திறக்கவில்லை. திரும்பவும் உரக்கக் கேட்டார், அவன் அசையவில்லை. காது கேளாதவனிடம் கேஜை நம்பி ஒப்படைத்தால் பத்துப் பேர் போய்விடுவார்கள் என்று பயந்துபோன துரை, அவனைக் கல்லுடைக்க அனுப்பினார். கல்லுடைத்துக் கை காய்த்துப் போனவன் கம்முனிருவைத் தேடிக் கொட்டகைக்கு வந்தான். அன்று இவன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவனை நம்பித்தான் நான் என் கல்யாணத்தை ஒப்படைத்தேன். ஆம்பூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு என் சம்பளம் பிடிக்கவில்லை. "மாசம் பதினஞ்சி ரூவா வாங்கிட்டு வாங்க, பேசலாம். தை பொறந்தா வேற எடம் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு சுரங்க ஆபீசில் குமாஸ்தா வேலை காலியானது. பழக்கமான ஆள் ஒருவரை ஜாமீனுக்கு அழைத்து வரவேண்டும். மற்றவர்களெல்லாம் ஷிப்டில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவன் கம்முனிருதான்.

அவன் யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு வந்து கதவோரம் நின்றான். துரை என் கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீ எவ்ளோ சம்பளம் கேக்குது?"

கம்முனிரு சொல்லி அனுப்பியபடி நான் கம்மென்று இருந்தேன். துரை சுங்கானில் புகையிலை திணித்துப் பற்றவைத்தார். அவரும் கம்மென்று இருந்தார். இந்த வித்தை அவருக்கும் தெரியும் என்று கம்முனிரு எனக்குச் சொல்லித் தரவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. துரை என் மனுவை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். ஆம்பூர்ப் பெண் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போவது எனக்குக் கண்முன் தெரிந்தது.

"தொரே!" கதவோரத்திலிருந்து ஓர் அலறல். "பதினஞ்சி ரூவா குடுங்க தொரே! அதுக்குக் கொறஞ்சா இவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. நல்ல பையன் தொரே, கணக்கு தப்பாது. நான் ஜாமீன்!"

கம்முனிரு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான். துரை அவனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் கம்முனிரு என்னைத் திட்டினான். "அவன்கிட்ட பதினெட்டு இருந்திச்சிடா. அவன் கண்ணுல பாத்தேன். இன்னும் செத்த நேரம் தாங்கியிருந்தா வாயெ தொறந்திருப்பான்!"

"அப்போ நீ கம்முனு இருந்திருக்கலாமே?"

அவன் இரவல் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இருந்திருப்பேன். உன் மூஞ்சியப் பாத்துட்டேன்."

பொங்கல் கழிந்து எனக்குக் கல்யாணம் நடந்தது. பந்திக்குச் சமைத்தவன் அவன்தான். இன்று என் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் சொந்தபந்தங்களுக்கு முன்னால் அவனுக்குத்தான் போய்ச் சொல்கிறோம். அவனைவிட வேண்டியவர்கள் எங்களுக்கு யாரும் இல்லை.